உயர்தர உயிரியலில் கூர்ப்பு: சபைப் பெற்றோருக்கும் சைவநெறி ஆசிரியருக்கும் என்ன பதில் சொல்வது?

வடமராட்சி ரீச்சர்

வணக்கம். வடமராட்சியில் ஓர் அரச பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். அடுத்த தவணை கூர்ப்பு, அதாவது உயிரினங்களின் பரிணாமம், தொடங்க வேண்டும். தொடங்க முதலே இரண்டு பக்கத்திலிருந்தும் கதை வந்துவிட்டது.

ஒரு மாணவியின் அம்மா, கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை நின்று கேட்டார்: "ரீச்சர், குரங்கிலிருந்து மனிசன் வந்தான் என்று படிப்பிக்கேக்க, கடவுள் படைத்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கோவன். பிள்ளை குழம்பிப் போயிடும்." சண்டைக்கு வரவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

அதே கிழமை, சைவநெறி படிப்பிக்கும் அண்ணை ஓய்வறையில் சொன்னார்: "டார்வினுக்கு ஆயிரம் வருசம் முன்னமே மாணிக்கவாசகர் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பாடிவிட்டார். அதைச் சொல்லித் தொடங்குங்கோ, பிள்ளைகளுக்கு டக்கென்று ஏறும்."

அமெரிக்காவில் இது நீதிமன்றம்வரை போனது என்று தெரியும். அங்கே என்ன முடிவானது, இங்கே அது பொருந்துமா? வகுப்பில் நின்று சொல்லக்கூடிய பதில்தான் எனக்கு வேண்டும்.

இஸட் புள்ளி

ரீச்சர், நான் ரியூசன் எடுக்கிறவன். விடைத்தாள் திருத்துபவர் யாருடைய நம்பிக்கையையும் பார்ப்பதில்லை. லாமார்க், டார்வின், வொலஸ், சான்றுகள் என்று புள்ளித்திட்டத்துக்குத் தேவையானதைச் செய்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். அந்த அம்மாவிடம் "பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகம் தருவது, என் கையில் இல்லை" என்று சொன்னால் போதும்.

கந்தர்மடம் ஓய்வூதியர்

பிள்ளை, தம்பி சொன்ன வழி பரீட்சைக்குக் காணும். உங்கள் கேள்விக்குக் காணாது. "என் கையில் இல்லை" என்றால், யாரோ கொழும்பிலிருந்து திணிக்கிறார்கள் என்றுதான் அந்தத் தாய் எடுத்துக்கொள்வார். சான்று இருப்பதால்தான் இதைப் படிப்பிக்கிறோம். அதை அவரிடம் நேராகவே சொல்லலாம். நானும் உயிரியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், கூர்ப்பைப் படிப்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதித்தார்கள். மேன்முறையீட்டில் ஒரு நடைமுறைப் பிழையைக் காட்டி அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது, ஆனால் சட்டம் 1967 வரை இருந்தது. அப்படிப்பட்ட தடை அரசியலமைப்புக்கு முரண் என்று 1968இல் அங்கத்தைய உச்ச நீதிமன்றம் ஆர்கன்சாஸ் வழக்கில் சொன்னது. பிறகுதான் "தடுக்க வேண்டாம், இரண்டையும் சமமாகப் படிப்பியுங்கள்" என்ற வாதம் வந்தது. உங்களிடம் வந்த தாய் கேட்பதும் ஏறக்குறைய அதுதான். லூசியானா மாநிலம் அப்படியொரு சட்டமே போட்டது. 1987இல் அதுவும் விழுந்தது.

ஆனால் அந்தத் தீர்ப்புகளை இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்ற அவர்களுடைய அரசியலமைப்பு விதியில் நிற்கின்ற தீர்ப்புகள் அவை. எங்கள் நாட்டில் சமயம் சாதாரண தரம்வரை கட்டாய பாடம். சைவப் பிள்ளை சைவநெறியும் கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவமும் அதே பாடசாலையில் படித்துத்தான் உயர்தரத்துக்கு வருகிறார்கள். படைப்பைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பாடமே இருந்தது, அதற்கு ஆசிரியரும் இருந்தார். அந்தத் தாயிடம் இதை மரியாதையோடு சொல்லுங்கள்.

எங்களுக்கு உதவுகிற வழக்கு 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் நடந்தது. அங்கே, ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு உயிர்களை ஆக்கியது என்று சொல்கிற "நுண்ணறிவு வடிவமைப்பு" என்ற பெயரில் படைப்புவாதம் திரும்பி வந்தது. அதற்காகச் சாட்சி சொன்ன மைக்கேல் பிஹி என்ற உயிர்இரசாயனப் பேராசிரியரிடம், விஞ்ஞானக் கொள்கைக்கு நீங்கள் தருகிற வரைவிலக்கணத்தில் சோதிடமும் அடங்குமா என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். அடங்கும் என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை யோசித்துப் பாருங்கள்: அந்தக் கதவைத் திறந்தால் பஞ்சாங்கமும் பௌதிகவியல் வகுப்புக்குள் வந்துவிடும். ஜனாதிபதி புஷ் நியமித்த நீதிபதி ஜோன்ஸ், இது விஞ்ஞானமே இல்லை என்று தீர்ப்பு எழுதினார்.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். என் அனுபவத்தில் பெரிய தலையிடி படைப்புவாதம் இல்லை. சைவநெறி அண்ணை தருகிற உதவிதான் கூடக் குழப்பும்.

பூச்சிக்கொல்லிக்கு நுளம்பு எப்படித் தப்புகிறது என்று கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகளே "நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று எழுதுவார்கள். ஒரு தனி நுளம்பு தன்னை மாற்றிக்கொண்டது போல. அது பிழை. மருந்து அடிக்க முதலே அந்தக் குடித்தொகையில், அதாவது அந்த நுளம்புக் கூட்டத்தில், ஒருசில நுளம்புகளிடம் பரம்பரையான வேறுபாடு இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றது, அவை தப்பிப் பெருகின. மாறியது குடித்தொகை. இந்த ஒன்று விளங்கினால் இயற்கைத் தேர்வு முழுக்க விளங்கும்.

இப்போது அண்ணை சொன்ன வரி வருகிற சிவபுராணத்தைப் பாருங்கள். அங்கே பிறவி எடுப்பது ஓர் உயிர். புல்லாய், புழுவாய், மரமாய், பறவையாய், கல்லாய், மனிதராய், பேயாய், கணங்களாய், தேவராய்ப் பிறந்து பிறந்து "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று அழுகிறது. அது வீடுபேறு கேட்கிற குரல். இதைக் கூர்ப்பு என்று சொல்லித் தொடங்கினால் ஒரு தனியங்கியே படிப்படியாக மாறுகிறது, கூர்ப்பு ஏணி மாதிரி மேலே போகிறது என்ற இரண்டு பிழைகளும் முதல் நாளே பிள்ளையின் தலையில் ஏறிவிடும். மாணிக்கவாசகர் கேட்டதும் காணாமல் போய்விடும். நான் நாளாந்தம் தேவாரம் பாடுகிற சைவன். அந்தப் பாட்டை டார்வினுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

உதாரணத்துக்குக் கலாபாகஸ் தீவுவரை போகத் தேவையில்லை. இலங்கையில் டிடிரி (DDT) என்ற பூச்சிக்கொல்லி அடித்து 1963இல் மலேரியா நோயாளர் 17 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. தெளிப்பைத் தளர்த்தினார்கள், 1960களின் கடைசியில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடியும் டிடிரி அடித்தபோது நுளம்பு முன்போலச் சாகவில்லை, 1970களில் மலத்தியன் என்ற வேறு பூச்சிக்கொல்லிக்கு மாறினார்கள். 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. பிள்ளைகளின் அப்பப்பா, அம்மம்மாமார் அந்தக் காய்ச்சலில் நடுங்கியவர்கள். வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "உன்ர அப்பப்பா குரங்கு" என்று அந்தப் பிள்ளையை மற்றவர்கள் சீண்டுவார்கள். அங்கேயே நிறுத்துங்கள். இன்றைய குரங்குக்கும் எங்களுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதுதான் பாடம். அவள் அதை விளங்கிக்கொண்டு விடை எழுதினால் காணும், நம்புகிறேன் என்று கையெழுத்துக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

பாஷையூர்

நான் கத்தோலிக்கன். 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே கூர்ப்பை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று சொன்னவர். கத்தோலிக்கப் பிள்ளைகள் குழம்பினால் அதைச் சொல்லலாம். சபை ஆட்களிடம் சொல்ல வேண்டாம் ரீச்சர். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து எடுப்பவர்களுக்குப் பாப்பரசரின் சொல் எடுபடாது, கதை வேறு சண்டைக்குத் திரும்பிவிடும்.

வட்டுக்கோட்டை வாசகன்

சைவநெறி அண்ணையில் எனக்குக் கோபம் வரவில்லை. 1823இல் இங்கே செமினரி என்ற உயர்கல்விக் கூடம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வானியலைப் படிப்பித்ததன் ஒரு நோக்கம் புராணங்கள் பிழை என்று காட்டுவது. 1855இல் செமினரி மூடப்பட்டு நான்கு வருடத்தில் டார்வினின் நூல் வந்து அவர்களுடைய வேதத்தையே கேள்வி கேட்டது. விஞ்ஞானத்தால் அடி வாங்கிய சமூகம் "நாங்கள் முதலே சொல்லிவிட்டோம்" என்று நிற்பது விளங்குகிறது. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கிற இடம் உயிரியல் வகுப்பு இல்லை.

வடமராட்சி ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சேர், நுளம்பிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கேள்வி: அந்த அம்மா உலகத்துக்கு ஆறாயிரம் வருடம்தான் என்றும் சொன்னார். உயிர்ச்சுவடு காட்ட எங்கள் ஆய்வுகூடத்தில் ஒன்றுமே இல்லை.

கந்தர்மடம் ஓய்வூதியர்

நீங்கள் அதன் மேல்தான் நிற்கிறீர்கள், பிள்ளை. குடாநாட்டின் சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. அந்தக் காலம் 2 கோடி 30 இலட்சம் வருடத்துக்கு முன் தொடங்கி 53 இலட்சம் வருடத்துக்கு முன் முடிந்தது. காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டினதும் இந்தக் கல்லைத்தான். கிணறு வெட்டுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள், சிப்பி அச்சுப் பதிந்த துண்டு கிடைக்கும். தூரிகையால் மண்ணைத் தட்டி, கைவில்லையோடு மேசைக்கு ஒன்று வையுங்கள். முதலில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கண்டதை அவர்கள் வரையட்டும். வயதுக் கணக்கை அடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.