தெரியாத தகவலுக்கு 'நல்' (null, காலி மதிப்பு) போடலாமா? ரெக்கார்ட் டைப்பில் ஒரு சந்தேகம்

கேள்வி
பஸ் டிக்கெட் போடும் சாட்பாட். "நாளைக்கு வர்றா, சீட்டு ஒண்ணு போடுங்க" என்று வந்தால் யார், எந்த ஊரிலிருந்து என்று தெரியாது. தெரியாததையெல்லாம் நல் என்று வைக்கிறேன். சிக்கல்: "ரிட்டர்ன் வேண்டாம்" என்பதும் நல், "ரிட்டர்ன் பற்றி இன்னும் பேசவில்லை" என்பதும் நல். டிபெண்டன்ட் டைப்பில் (மதிப்பைச் சார்ந்து அமையும் டைப்) இதை எப்படிப் பிரிப்பது?

பதில் 1
நல்லை விட்டுடுங்க. மொழியியலாளர் ராபின் கூப்பரின் ரெக்கார்ட் டைப் கோட்பாட்டில், ரெக்கார்ட் டைப் என்பது ஃபீல்டுகளின் (பெயர் : டைப்) பட்டியல்; தெரியாத ஃபீல்டு அதில் இருக்கவே இருக்காது. இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான் (ஆ என்பது ஆள், பெ என்பது அவர் பெண் என்பது, நா என்பது அவருக்கு நாளைப் பயணம் என்பது):

[ ஆ : நபர், பெ : பெண்(ஆ), நா : நாளைப்பயணம்(ஆ) ]

பெ, நா இரண்டும் ஆ-வைச் சார்ந்தவை, அதனால் ஆ முதலில் வரணும். பெ-யின் மதிப்பு ஆம்/இல்லை கிடையாது. ஆ பெண் என்பதற்கான சான்று. புதுத் தகவல் வர வர ஃபீல்டு சேருங்க. புது டைப் பழையதன் சப்டைப் (அதற்குள் அடங்கும் குறுகிய டைப்) ஆகிவிடும். ஆள் உறுதியானதும் [ ஆ = மாலதி : நபர் ]. "வேண்டாம்" என்பதற்குத் தனி ஃபீல்டு (⊥ என்பது எந்த மதிப்பும் இல்லாத டைப், அதனால் '→ ⊥' என்றால் 'இல்லை'):

வே : ரிட்டர்ன்சீட்டு(ஆ) → ⊥

பேசாத விஷயத்துக்கு ஃபீல்டே இல்லை.

பதில் 2
மேலே உள்ளது "யாரோ ஒரு பெண் வர்றா" என்றுதான் சொல்கிறது. பேச்சில் ஏற்கெனவே வந்தவளைக் குறிக்க, சூழலை (சூ) வாங்கும் ஃபங்ஷன் (λ) வேணும்; சூ.ஆ என்றால் அந்தச் சூழலில் உள்ள ஆ:

λசூ : [ ஆ : நபர், பெ : பெண்(ஆ) ] . [ நா : நாளைப்பயணம்(சூ.ஆ) ]

எழுவாய் இல்லாவிட்டாலும் வினை விகுதியே பெ-யைக் கொடுத்துவிடுகிறது, தமிழில் இது ஒரு வசதி. சூழல் ரெக்கார்ட் இந்த டைப்பில் பொருந்தாவிட்டால் ஃபங்ஷன் ஓடாது; "யாருங்க?" என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு பெண்கள் இருந்தால் இரண்டு விதமாகவும் பொருந்தும். யாரை எடுப்பது என்று டைப் சொல்லாது, கடைசியாகப் பேசப்பட்டவர் யார் என்ற வரிசையை வெளியே வைத்துக்கொள்ளணும்.

பலரும் மாட்டிக்கொள்வது லேபிளில் (ஃபீல்டின் பெயரில்). இரண்டு வாக்கியத்திலும் 'ஆ' இருக்க, அப்படியே மெர்ஜ் செய்தால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மெர்ஜுக்கு முன் ஆ1, ஆ2 என மாற்றுங்க. ஒரே ஆள்தான் என்று தெரிந்த பிறகு [ ஆ2 = ஆ1 : நபர் ].

கேட்டவர்
அக்டாவில் (டிபெண்டன்ட் டைப் உள்ள நிரலாக்க மொழி) நேரடியாக எழுதலாமா?

பதில் 3
கஷ்டம். அக்டா ரெக்கார்டில் சப்டைப்பிங் இல்லை. 3 ஃபீல்டு கேட்கும் இடத்தில் 5 ஃபீல்டு ரெக்கார்டைக் கொடுத்தால் ஏற்காது, மாற்றும் ஃபங்ஷனை நீங்களே எழுதணும். ரெக்கார்டுக்குப் பதில் Σ-வை (இரண்டாவதன் டைப் முதலாவதன் மதிப்பைச் சார்ந்த ஜோடி) அடுக்கினாலும், நடுவே ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ளதை எடுக்கும் π₂ (ஜோடியின் இரண்டாவதை எடுப்பது) எல்லாம் ஒரு படி நகரும். உங்கள் டைப்போ பேச்சின் நடுவே மாறுகிறது. பைத்தானில் டைப்பையே தரவாக, லேபிள்-டைப் டிக்ஷனரியாக வைத்து ஓடும்போது சரிபாருங்க.