கினபாலுவுக்கு முன்னால் சங்ககிரி

குழு: நம்ம வீட்டு மலையேறிகள்

6 பிப்ரவரி 2021, சனி

மாலை 6:42
அப்பா: கொரோனாவுக்காகப் போட்ட வெளிநாட்டு விமானத் தடையை இந்த மாதம் 28 வரை நீட்டித்துவிட்டார்கள். மலேசியாவோ போன வருஷம் மார்ச் 18லிருந்தே கதவைச் சாத்தியிருக்கிறது. இந்த வருஷமும் கினபாலு மலையேற்றம் இல்லை.

மாலை 6:50
கேஎல் அத்தை: மனசைத் தளரவிடாதீர்கள் அண்ணா. இங்கே கோலாலம்பூரிலேயே இருக்கிற என்னாலும் கினபாலு இருக்கிற சபா மாநிலத்துக்குப் போக முடியாது. மாநிலம் தாண்டக் கூடாது என்று உத்தரவு. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகூட இந்த முறை ஏறவில்லை. கூட்டமே இல்லாமல் வெள்ளி ரதம் போனதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

மாலை 7:05
நான்: அப்பா, பத்து மாதமாக மொட்டைமாடியிலேயே நடக்கிறீர்கள். நாளைக்குச் சங்ககிரி போகலாமா? சேலத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான்.

அப்பா: கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்க்கிற மலை. 30 வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு முறைகூட ஏறியதில்லை கண்ணு.

தம்பி: தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட மலை அப்பா. புத்தகத்தில் படித்ததோடு சரி. போகலாம்.

அம்மா: புளிசாதம் கட்டித் தருகிறேன். முகக்கவசம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். குரங்கு பிடுங்கும், பையை மூடியே வையுங்கள்.

7 பிப்ரவரி, ஞாயிறு

காலை 9:55
தம்பி: கோட்டை வாசல் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா: பாறையில் சூடு ஏறுகிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

காலை 11:20
நான்: மேலே வந்துவிட்டோம். பெருமாள் கோயில் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். அப்பா பேசவே இல்லை. கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்துதானே இத்தனை வருஷமும் இந்த மலையைப் பார்த்திருக்கிறார்.

மதியம் 1:10
அப்பா: ஏறும்போது மூச்சு வாங்கியது, அது பரவாயில்லை. இறங்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொண்டது.

கேஎல் அத்தை: கினபாலுவிலும் அப்படித்தான் அண்ணா. நான் போனபோது 1,866 மீட்டரில் திம்போஹான் வாசலில் தொடங்கினோம். 3,200 மீட்டருக்கு மேலே இரவு தங்கி, விடியும் முன்பே கிளம்பி 4,095 மீட்டர் உச்சி. ஏறிவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கே அடிவாரம் வரை இறங்கினபோது கால் பேச்சைக் கேட்கவில்லை. அப்புறம் மூன்று நாள் வீட்டுப் படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். எட்டி அடி வைக்காதீர்கள். சின்னச் சின்ன அடி, முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும், கையில் ஒரு தடி.

மதியம் 1:32
பெரியப்பா: அப்படியென்றால் அடுத்தது கொல்லிமலை ஆகாயகங்கைதான். மற்ற மலையில் ஏறிவிட்டு இறங்குவோம். அங்கே முதலில் ஆயிரம் படி இறங்கி அருவியைப் பார்த்துவிட்டு, களைத்த காலோடு மேலே வர வேண்டும். முட்டிக்கும் பயிற்சி, மூச்சுக்கும் பயிற்சி.

தம்பி: பெரியப்பா, 70 கொண்டை ஊசி வளைவையும் விட்டுவிட்டு, கீழேயிருந்தே காட்டுப் பாதையில் நடந்து ஏறலாமா?

பெரியப்பா: அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி. இனிமேல் மாசி, பங்குனி. புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத் தீயை மறந்துவிட்டாயா? 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். மேட்டில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதியே போட்டது. வனத்துறை அனுமதி, வழிகாட்டி இரண்டும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கினபாலுவுக்கு என்றால் ஒரு வருஷம் முன்பே தயாராகிறோம். நம்ம ஊர் மலைக்கு மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எனக்கு அதுதான் பயம்.

கேஎல் அத்தை: பெரியண்ணா சொல்வது சரி. கினபாலுவில் வழிகாட்டி இல்லாமல் வாசலையே தாண்ட விட மாட்டார்கள்.

தம்பி: சரி பெரியப்பா. வண்டியில் ஏறிவிட்டு, படி மட்டும்.

பெரியப்பா: அருவி திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுங்கள்.

அம்மா: நானும் வருகிறேன். படி எனக்கு ஆகாது, அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன். வரும்போது மிளகும் சாமையும் வாங்க வேண்டும்.

மதியம் 2:15
கேஎல் அத்தை: எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் அண்ணா?

அப்பா: அடுத்த ஞாயிறு 9 மணிக்கு முதல் படியில் நிற்போம்மா.

கேஎல் அத்தை: இங்கே அப்போது 11:30. எங்கள் பிளாட் 14 மாடி. நாலு முறை ஏறினால் எனக்கும் ஆயிரம் படி வந்துவிடும். அதே நேரத்தில் நானும் தொடங்குகிறேன். மேலே வந்ததும் படம் போடுங்கள்.

அப்பா: கீழே சிக்னல் இருக்குமோ என்னவோ. கோயில் வாசலுக்கு வந்ததும் முதல் படம் உனக்குத்தான்.