கோலுக்கு முன்னாடி வந்த கோல் சத்தம்: உங்க ஊர்த் திரையில நடந்ததைச் சொல்லுங்க

முட்டம் மக்கா:
2022 டிசம்பர் 18, உலகக்கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினா–பிரான்ஸ். ஆட்டக்கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்க. ஒரே தெருவுல ரெண்டு திரை. குருசடி பக்கம் டிஷ், கீழ முக்குல போன் ஆப்பும் புரொஜெக்டரும். ரெண்டுக்கும் 40 செகண்டு வித்தியாசம், ஆப்புதான் பிந்தி. 80ஆவது நிமிசம் பிரான்ஸ் எம்பாப்பே பெனால்டி. கீழ முக்குல அது வலைக்குள்ள போய், "ஒண்ணுதானே மக்கா, விடு"ன்னு நீலவெள்ளை சட்டைக்காரங்க ஒருத்தர ஒருத்தர் தேத்திகிட்டு இருக்கும்போதே மேல இருந்து அடுத்த கத்தல். ரெண்டு கோலுக்கும் இடையில 97 செகண்டுதான். அப்புறம் பிரான்ஸ் கோமான் மெஸ்ஸி காலுல இருந்து பந்தைப் பறிச்சதை, முடிவு தெரிஞ்சுகிட்டே பாக்க வேண்டியதாச்சு. சவம், அந்த 40 செகண்டை எப்படிக் கொல்லது?

தக்கலை வயர்மேன்:
40 செகண்டு அதிசயம் இல்ல. ஆப்ல வர்ற படம் பெரும்பாலும் 6 செகண்டு துண்டுகளா வெட்டி வருது. மூணு துண்டு சேர்ந்த பிறகுதான் போன் ஓட்டத் தொடங்கும், அங்கேயே 18 போச்சு. என்கோடிங் (படத்தைச் சுருக்கது), சர்வர்னு இன்னும் 10, 15. இடையில ஒரு தடவ வட்டம் சுத்தினா அந்த நேரமும் கூடச் சேரும். பல ஆப்ல தானா குறையாது. இடைவேளையில 'லைவ்' பட்டனை அமுக்கி முன்னுக்குக் கொண்டு வரணும். டிஷ் சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேல போய் இறங்குனாலும் அதுக்குக் கால் செகண்டுதான். படத்தைச் சுருக்கி விரிக்கதுக்குத்தான் சில செகண்டு ஆகுது.

அதனால ஆப்பை டிஷ்ஷோட ஓட்டப்பந்தயம் விடாதீங்க. ஒரே செட்டாப் பாக்ஸ்ல இருந்து ரெண்டு திரைக்கும் கொடுங்க. பாக்ஸ்ல ஸ்ப்ளிட்டர் (ஒரு படத்தை ரெண்டு வாயாப் பிரிக்கது), ஒரு வாய் பக்கத்துத் திரைக்கு, இன்னொண்ணு கேட்6ன்னு சொல்லுத நெட்வொர்க் கேபிளும் ரெண்டு முனையிலயும் எக்ஸ்டெண்டர் ஜோடியும் வழியா தூரத்துத் திரைக்கு. வெறும் எச்டிஎம்ஐ கேபிளை 15 மீட்டருக்கு மேல இழுத்தா படத்துல வெள்ளைப் புள்ளி பறக்கும், அப்புறம் திரை கருத்துரும்.

கொல்லங்கோடு ஏழாம் நம்பர்:
இதாவது பரவாயில்ல. 2018 ஜூன் 15, போர்ச்சுகல்–ஸ்பெயின், 3–2ன்னு ஸ்பெயின் முன்னால. ராத்திரி ஒரு மணி தாண்டியாச்சு, வெளிய சாரல். 88ஆவது நிமிசம் ஃப்ரீகிக். ரொனால்டோ நிக்கரை மேல தூக்கிவிட்டு ஒரு மூச்சு இழுக்கான். திரையில "நோ சிக்னல்". பக்கத்து வீட்டுக் கேபிள் டிவியில இருந்து அலறல். படம் திரும்ப வந்தப்போ 3–3. ஜூன் ஜூலை உலகக்கோப்பைன்னா நம்ம பக்கம் மழை இல்லாம இருக்குமா? டிஷ்ஷை நம்பாதீங்க.

திருவட்டார் டிஷ்:
மழையைக் குறை சொல்லாதேயும் ஓய். டெல்லியில டிஷ் சாஞ்சு பாக்கும், சிக்னல் மழைக்குள்ள ரொம்ப தூரம் கடந்து வரணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி அட்சத்துல கிடக்கு, சாட்டிலைட் டெல்லியை விட ரொம்ப உயரத்துல நிக்கி. மழைக்குள்ள வர்ற தூரம் குறைவு. பேய்மழைக்கு அஞ்சு பத்து நிமிசம் போகும், ஒத்துக்கிடுதேன். சாரலுக்கே போகுதுன்னா குத்தம் மேல டிஷ்ல இருக்கு.

முதல்ல எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால நீட்டிகிட்டு சிக்னல் பிடிக்கித தலை) மூஞ்சியில உள்ள பிளாஸ்டிக் மூடி. வெயிலுக்குக் கீறல் விழுந்து உள்ள தண்ணி நிக்கும். அடுத்து கனெக்டர். கழட்டிப் பாரும், செம்புக் கம்பியில பச்சை பிடிச்சிருந்தா அரை அடி கேபிளை வெட்டி எறிஞ்சுட்டுப் புது கனெக்டர் போடும். நடுக்கம்பி வாயை விட்டு 2, 3 மில்லிமீட்டர் நீட்டிகிட்டு இருக்கணும், வெளிவலையில ஒரு இழை கூட அதைத் தொடக் கூடாது. பாதி சேனல் வருது பாதி வரல்லைன்னா பாக்ஸ் அனுப்புத 18 வோல்ட் மேல முழுசா போய்ச் சேரல்லைன்னு சந்தேகப்படும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தும். கனெக்டருக்குக் கீழ கேபிள் ஒரு வளைவு தொங்கணும், தண்ணி அங்க சொட்டிப் போகும். கடலோரம்னா உப்புக்காத்துல கிளாம்ப் துருப்பிடிச்சு டிஷ் ஆடும், வருசம் ஒரு தடவ போல்ட்டை மாத்தும். திருப்பும்போது பாக்ஸ்ல 'ஸ்ட்ரெங்த்'தைப் பாக்காதேயும், 'குவாலிட்டி'யைப் பாரும். அது 80 தாண்டாம இறுக்காதேயும்.

மார்த்தாண்டம் டு பெங்களூர்:
பெங்களூர்ல பப்புலயும் இதே கூத்துதான். 2019 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) இறுதி ஆட்டம், 117ஆவது நிமிசம் பெங்களூர் அணி ராகுல் பேகே தலையால முட்டுன கோல். எட்டு டிவி, எட்டும் தனித்தனி பாக்ஸ். சத்தம் வாசல்ல தொடங்கி கவுண்டர் வரைக்கும் நடந்து வந்துது. உக்காருததுக்கு முன்னால எந்த டிவி முந்துதுன்னு பாத்து அதுக்கு நேரா இடம் பிடிக்கணும்.

அப்படியே இதையும் கேட்டுக்கிடுங்க. அங்கயே காய்ச்சுத பீரை ஆட்டத்தோட குடிக்கதுன்னா அரை லிட்டர் வாங்காதீங்க. கூடுதல் நேரம் போனா ரெண்டரை மணி நேரம், பேச்சு ஆஃப்சைடுல தொடங்கி வர்ணனையாளர் வரைக்கும் போகும், கிளாஸ் சூடாயிரும். 330 மில்லி போதும். கோதுமை பீர்ல வர்ற வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் ஈஸ்ட் தர்றது. ஐஸ் மாதிரி குளிர்ந்தா மணக்காது, 6, 7 டிகிரியில இருக்கணும். ஐபிஏன்னு ஒரு பீர் வகை கசக்கும், ஆல்கஹால் பெரும்பாலும் 6 சதவீதத்துக்கு மேல. அதை முதல் பாதியில எடுத்தா ரெண்டாம் பாதியில நடுவரையே ஏசிகிட்டு இருப்பீங்க.

முட்டம் மக்கா:
கேட்டது 40 செகண்டை. இங்க கிடைக்கது அக்கானியும் (பதநீர்) கருப்பட்டிக் காப்பியும்தான், அதுவும் சூடாதான் குடிப்போம்.

இரணியல் கழுகு:
அக்கானியைச் சூடாவா?

முட்டம் மக்கா:
காப்பியைச் சொன்னேன் ஓய்.

கோட்டாறு சவுண்ட்ஸ்:
படத்தை மட்டும் பேசுதீங்க, சத்தத்தை விட்டுட்டீங்க. 2020 நவம்பர் 20, ஐஎஸ்எல் முதல் ஆட்டம். நம்ம இரவிபுத்தன்துறை சூசைராஜ் மோகன் பகானுக்கு ஆடுதான். மாவட்டத்துல மேற்கே கேரளா ஓரம் உள்ளவங்களுக்கு மலையாளக் கமென்டரிதான் வேணும், அதனால படம் டிஷ்ல, சத்தம் போன்ல இருந்து. முதல் பாதியில முழங்கால் போய் அவன் தரையில கிடக்கான், ஸ்பீக்கர்ல கமென்டரி இன்னும் அதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லிகிட்டு இருக்கு. கூட்டத்துல ஒருத்தரும் வாய் திறக்கல்ல.

படமும் சத்தமும் ஒரே பாக்ஸ்ல இருந்து வரணும். ரிமோட்ல ஆடியோ மாத்துத பட்டனை அமுக்கிப் பாருங்க, சில சேனல்ல வேற மொழி அங்கேயே இருக்கும். மிக்சருக்கு புளூடூத் வேண்டாம், அதுவே 0.2 செகண்டு பிந்தும். ஏவி வாயில இருந்து வயர் போடுங்க.

முட்டம் மக்கா:
தக்கலை அண்ணே, தெருவுக்குக் குறுக்கே கேட்6 40 மீட்டர் இழுக்கணும். கரண்ட் போஸ்ட்ல கட்டலாமா?

தக்கலை வயர்மேன்:
கட்டவே கூடாது. ரெண்டு மாடிக்கு நடுவுல நைலான் கயிறை முதல்ல விறைப்பா இழுத்துக் கட்டு, கேபிளைத் தளர்வா விட்டு அடிக்கு ஒரு டை போடு. பஸ் போற ரோடுன்னா 20 அடி உயரம் வேணும், கரண்ட் கம்பி போற பக்கமே வேண்டாம். எக்ஸ்டெண்டர் வாங்கும்போது அட்டையில 60 மீட்டர்னு போட்டிருக்கதை எடு, 40 மீட்டருக்கு அதுதான் சரியா வரும்.