வேஷம் கட்டிக்கிட்டு மேட்ச்சுக்குப் போறது ரசனையா, ரோதனையா?

கிங்ஸ் சர்க்கிள் கேட்டது:

மாட்டுங்கா, சயான் பக்கத்துத் தமிழ்க்காரங்க பதினாலு பேர் சேர்ந்து ரெண்டு திட்டம் போட்டிருக்கோம். ஒண்ணு, வான்கடேயில மும்பை–சென்னை ஐபிஎல் மேட்ச்: முகத்துக்கு மஞ்சள் பெயின்ட், பெரிய சுருட்டை விக், நாலு பேருக்குச் சிங்கத் தலை. இன்னொண்ணு, ஜனவரி மும்பை மாரத்தான்ல ட்ரீம் ரன்ங்கற ஜாலி ஓட்டம்: ரெண்டு பொய்க்கால் குதிரை, ஒரு கரகம், மத்தவங்க வேட்டி முண்டாசு.

குழுவுக்குள்ளயே சண்டை. பாதிப் பேர் "இது இல்லாம என்ன மேட்ச்"ங்கறாங்க. மீதிப் பேர் "காசு கொடுத்து வந்தவன் நம்ம விக்கையா பார்த்துட்டுப் போவான்"ங்கறாங்க. எது சரிவரும், எது கேட்லயே நிக்கும், எதை வெச்சுச் செய்யணும்? குதிரையை நாங்களேதான் செய்யணும்.

நார்த் ஸ்டாண்ட்:

விக் விஷயத்துல ரெண்டாவது கட்சி சொல்றதுதான் நியாயம். ஸ்டேடியம் கட்டறவங்க 'சி வேல்யூ'ன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. பின்வரிசைக்காரரோட பார்வை, முன்னால உட்கார்ந்திருக்கிற உங்க கண் மட்டத்துக்கு எவ்வளவு மேல போகுதுங்கறதுதான் அது. 120 மி.மீ. இருந்தா நல்ல சீட். 90 பரவாயில்லை. 60ன்னா ரெண்டு தலைக்கு நடுவுல எட்டித்தான் பார்க்கணும். தொப்பி போடற கூட்டத்துக்கு 150 வேணும். கண்ணுலேருந்து உச்சந்தலைக்கே பதினொண்ணு, பன்னண்டு சென்டிமீட்டர் ஆயிடுது. ஆக, நல்ல சீட்லயே வெறுந்தலைக்கு மட்டும்தான் இடம் விட்டிருக்காங்க. அதுக்கு மேல ஒரு சாண் விக் வெச்சா பின்னால இருக்கிறவருக்கு முதல்ல மறையறது உங்க பக்கத்து பவுண்டரிக் கயிறு. சிக்ஸர் போற பந்து தெரியும், கயிறு மேல கேட்ச் பிடிச்சாரா மிதிச்சாரான்னு தெரியாது. திட்டு அங்கதான் ஆரம்பிக்கும்.

சிங்கம் வேணும்னா தலையை விட்டுடுங்க, பிடரியை மட்டும் எடுத்துக்கோங்க. 4 செ.மீ. அகல எலாஸ்டிக்கைக் கழுத்தளவுக்கு வெட்டி, மஞ்சளும் காவியுமா ஃபெல்ட் துணியை 15 செ.மீ. நீளப் பட்டையா கத்தரிச்சு ரெண்டு வரிசை தைச்சா தோள் மேல பரவி நிக்கும். மூக்கும் மீசையும் முகத்துல வரைஞ்சுக்கலாம். உயரம் ஒரு விரக்கடைகூட ஏறாது. முகத்தை முழுசா மூடற முகமூடின்னா எப்படியும் சோதனையில கழட்டச் சொல்லுவாங்க. கம்பு, பைப், பேட்டரி வெச்சு மினுக்கற விக் எதுவும் உள்ள போகும்னு நம்ப வேண்டாம். பவர் பேங்க்குக்கே இடம் கிடையாது.

இன்னொண்ணு, பலர் யோசிக்காதது. டி20ல பந்து வெள்ளை, அது பேட்ஸ்மேனுக்குத் தெளிவா தெரியணும்னு பவுலருக்குப் பின்னால எல்லையில வெச்சிருக்கிற சைட் ஸ்கிரீன் கறுப்பு. உங்க சீட் ஸ்கிரீனை ஒட்டி இருந்தா சம்கி, ஜிகினா, கண்ணாடி வேலைப்பாடு எதுவும் கூடாது. பவுலர் கைக்குப் பின்னால ஏதாவது மினுங்கினா பேட்ஸ்மேன் கையைத் தூக்கிட்டு விலகிடுவார்.

அரிதாரம்:

மஞ்சள் பெயின்ட்டைப் பத்தி நான் சொல்றேன். மும்பை ஏப்ரல் வேர்வைக்கு அதுதான் முதல்ல காலை வாரும்.

போஸ்டர் கலர், துணி பெயின்ட், எனாமல் மூணும் முகத்துக்கு ஆகாது. எனாமலை எடுக்க டர்பென்டைன் வேணும், அதைக் கன்னத்துல தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். தண்ணில கரையற ஃபேஸ் பெயின்ட் வாங்குங்க. முந்தின நாளே காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வெச்சுப் பாருங்க. அரிச்சாலோ சிவந்தாலோ அந்த ஆளுக்கு வெறும் ஜெர்சி போதும்.

மஞ்சளுக்குன்னு ஒரு குணம் இருக்கு, அது நல்லா மூடாது. மாநிறத்து மேல நேரா அடிச்சா அழுக்குப் பச்சை மாதிரி தெரியும். பார்த்துட்டு இன்னும் ரெண்டு பூச்சு ஏத்துவாங்க, அது காய்ஞ்சு சிரிக்கிற இடத்துல எல்லாம் வெடிக்கும். அதனால முதல்ல மெல்லிசா ஒரு வெள்ளை, அது காய்ஞ்சப்புறம் மஞ்சள் ரெண்டு பூச்சு. ஸ்பாஞ்சை நல்லாப் பிழிஞ்சுட்டுத் தொடணும், சொட்டுச்சுன்னா கோடு விழும். சன் ஸ்கிரீன் போடறதா இருந்தா பெயின்ட்டுக்கு இருபது நிமிஷம் முன்னால போட்டு ஊற விடுங்க. கடைசியில டால்கம் பவுடரை ஒத்தி எடுத்தா ரயில் கூட்டத்துல பக்கத்து ஆள் சட்டையில ஒட்டறது குறையும். சர்ச்கேட் போற வண்டியில யாரோட வெள்ளைச் சட்டையிலயாவது உங்க கன்னம் பட்டா அவர் மும்பை ரசிகரா சென்னை ரசிகராங்கறது முக்கியமில்லை.

கைவேலைக் கடையில விக்கற கிளிட்டரைக் கண் பக்கம் கொண்டு போகாதீங்க, துகள் கருவிழியைக் கீறும். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி டிஷ்யூவால வழிச்சுட்டு அப்புறம் ஃபேஸ் வாஷ்.

வீட்டு மஞ்சள் பூசிக்கலாமான்னு யாராவது கேப்பாங்க. சோப்புப் பட்டா சிவக்கும். சென்னை ரசிகரா போய் பெங்களூர் ரசிகரா திரும்பணும்னா பூசிக்கலாம்.

கடைசி வரிசை:

எல்லாரும் ரூல்ஸா பேசறீங்க. இங்கிலாந்துல லீட்ஸ் ஹெடிங்லி மைதானத்துல வெஸ்டர்ன் டெரஸ், எட்ஜ்பாஸ்டன்ல ஹோலிஸ் ஸ்டாண்ட், இங்கெல்லாம் டெஸ்ட் மேட்ச் சனிக்கிழமைன்னா பாதி ஸ்டாண்ட் வேஷத்துலதான் இருக்கும். அது ஒரு கொண்டாட்டம். இங்க ஒரு விக்குக்கு இவ்வளவு கணக்கா?

நார்த் ஸ்டாண்ட்:

அங்க நடக்குதுன்னா காரணம் இருக்கு. டெஸ்ட்ல ஒரு நாளைக்கு 90 ஓவர், ரெண்டு பந்து மறைஞ்சா யாரும் அழ மாட்டாங்க. அதோட அந்த ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுக்கறவங்களுக்கு அங்க என்ன இருக்கும்னு முன்னாடியே தெரியும். அமைதி வேணும்னா வேற பக்கம் எடுப்பாங்க. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ்ல நடக்கற டார்ட்ஸுக்கு, அதான் போர்டுல குறி பார்த்து எறியற ஆட்டத்துக்கு, மொத்த ஹாலும் வேஷத்துல வருது. போர்டு அகலமே 45 செ.மீ.தான், அந்த ஹால்ல எல்லாரும் பெரிய திரையைத்தான் பார்க்கறாங்க. ஐபிஎல் மொத்தமே 240 பந்து. டிக்கெட் விலையை அதால வகுத்துப் பாருங்க, ஒவ்வொரு பந்தும் எவ்வளவுன்னு தெரியும்.

கடைசி வரிசையில சீட் எடுத்தா எவ்வளவு உயர விக்கும் வெச்சுக்கலாம். உங்க பேரே அதானே.

வெட்டு ஒட்டு:

குதிரைக்கு வருகிறேன். ட்ரீம் ரன் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர், நேரம் பார்த்து ஓடுகிற ஓட்டமில்லை. வேஷத்துக்குப் பொருத்தமான இடம் அதுதான். மறைக்க யாருமில்லை, எல்லோரும் ஒரே பக்கம்தான் போகிறார்கள். உயரம் பிரச்சினையில்லை. அகலமும் எடையும்தான் கவனிக்க வேண்டியவை.

மரக்காலை மறந்துவிடுங்கள். மரக்காலில் ஆடுவது பயிற்சி உள்ளவர்கள் வேலை, தார் ரோட்டில் கூட்டத்துக்கு நடுவில் அது கூடவே கூடாது. கூடு மட்டும் போதும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 20 மி.மீ. பிவிசி கன்ட்யூட் பைப்பும் எல்போவும் வாங்கி 110 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலத்தில் ஒரு சட்டம் கட்டுங்கள். இடுப்பு நுழையும் இடத்தை நடுவில் வைக்கிறார்கள், அதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். தலையும் கழுத்தும் முன்னால் இருப்பதால் குதிரை மூக்கால் மண்ணைக் கிளறும். இடுப்புத் துளையை 10 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். அப்படியும் சாய்ந்தால் வால் பக்கம் பைப்புக்குள் மணல் போட்டு அடைத்துச் சரிபண்ணலாம்.

தோள்பட்டை வார் 5 செ.மீ. அகல நாடா. சட்டத்தின் நான்கு இடத்தில் கட்டி முதுகில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே விடுங்கள். நேராக விட்டால் ஓடும்போது தோளிலிருந்து நழுவும். ஒல்லியான கயிறு என்றால் பாதி வழியில் தோள் அறுபடும்.

தலையைத் தெர்மகோலில் செதுக்கி ஃபெவிகால் எஸ்ஆர் என்கிற ரப்பர் பசையைத் தடவினால் தெர்மகோல் கரைந்து குழி விழும், அந்தப் பசையில் இருக்கிற கரைப்பான் அதைத் தின்றுவிடும். 10 மி.மீ. ஈவிஏ ஃபோம் ஷீட்டில் வெட்டுங்கள். எஸ்ஆரை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்து, அப்புறம் அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மொத்த எடை மூன்று கிலோவைத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள்.

சுற்றுத்துணி பருத்தி பாப்லின். சாட்டின் பளபளக்கும், ஆனால் தொடையில் ஒட்டும். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே துணி நிற்கட்டும், பின்னால் வருகிறவர் மிதித்தால் விழப்போவது நீங்கள். கழுத்தை போல்ட் நட்டில் பூட்டினால் மாட்டுங்காவிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ரயிலில் கழற்றி எடுத்துப் போகலாம். சட்டத்தை லக்கேஜ் டப்பாவில் ஏற்றுங்கள்.

கிங்ஸ் சர்க்கிள்:

ரொம்ப நன்றி. கரகம் பித்தளைச் சொம்புலயே வெச்சுக்கலாம்ங்கறாங்க எங்க வீட்டுப் பெரியவங்க. ஓடும்போது நிக்குமா?

வெட்டு ஒட்டு:

ஆடத் தெரிந்தவர் தலையில் நிற்கும். மற்றவர் தலையிலிருந்து விழுந்தால் பக்கத்து ஆள் கால் விரல் போகும். சின்னப் பிளாஸ்டிக் குடத்தின் அடியை வெட்டிவிட்டு, துண்டைச் சும்மாடு மாதிரி சுருட்டி உள்விளிம்பில் தைத்து, தாடைக்கு எலாஸ்டிக் கொடுங்கள். கரகத்தின் உச்சிக் கிளியைக் கம்பியில் குத்தாமல் ஃபோமில் செய்யுங்கள், கம்பி நுனி சரியாக அடுத்தவர் கண் உயரத்தில் வரும்.

நார்த் ஸ்டாண்ட்:

ஓட்டத்துக்கு ரெண்டு விஷயம். கூட்டத்தோட வால்ல நின்னு கிளம்புங்க. முன்னால நின்னா வேகமா ஓடறவங்க எல்லாரும் குதிரையைச் சுத்தித்தான் போகணும். ரெண்டு குதிரையும் பக்கத்துல பக்கத்துல போகாம ஒண்ணு பின்னால ஒண்ணு போகட்டும். லண்டன் மாரத்தான்ல 2019ல பிக் பென் மணிக்கூண்டு வேஷத்துல வந்தவர் முழுத் தூரமும் ஓடிட்டு, முடிவுக் கோட்டு வளைவுல கூண்டு இடிச்சு மாட்டிக்கிட்டார்.

பிப் நம்பரை, அதான் ஓடறவங்களுக்குக் கொடுக்கற நம்பர் அட்டையை, சட்டையில குத்தி அதுக்கு மேல குதிரையை மாட்டிடாதீங்க. குதிரையோட நெஞ்சுல குத்துங்க. ஆளுக்கு நாலு ஊக்கு கூடுதலா வெச்சுக்கோங்க, வேட்டிக்கும் உதவும்.