கன்வேயருக்கு அடியில் ஆள் இருக்கும்போது மோட்டாரை யாரும் ஓட்டிவிடாமல் தடுப்பது எப்படி?

கிரஷர் மேற்பார்வையாளர் (கரூர் மாவட்டம்):

வணக்கம். கருங்கல் உடைத்து ஜல்லியும் எம்-சாண்டும் எடுக்கும் கிரஷர் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற வாரம் மின்சாரம் நின்ற நேரத்தில், ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் கல்லைச் சுமந்து செல்லும் பெல்ட்டான கன்வேயர்களில் இரண்டாவதன் டெயில் புல்லிக்கு (பெல்ட் சுற்றித் திரும்பும் பின்முனை உருளைக்கு) அடியில் குவிந்திருந்த டஸ்ட்டை (கல்தூளை) வாரிக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியதும் கேபினில் இருந்த ஆபரேட்டர் வழக்கம்போல் மோட்டார்களை வரிசையாக ஓட்டினார். அங்கிருந்து டெயில் பகுதி கண்ணுக்குத் தெரியாது. தொழிலாளியின் கையுறை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போய், சப்பையாகி, மறுபக்கம் விழுந்தது. கை தப்பியது. அந்தக் கையுறையை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

மின்தடை நேரத்தில் சுத்தம் செய்வது எங்களிடம் பல வருடப் பழக்கம். 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டினால் போதுமா? கல்லை நெருக்கி உடைக்கும் தாடை போன்ற ஜாவில் பெரிய கல் சிக்கினால் எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்:

தம்பி, முதலில் மின்தடை நேரத்து வேலையை இன்றோடு நிறுத்துங்கள். மின்சாரம் போயிருப்பது நாம் நிறுத்தியதாகாது, அது எந்த நொடியிலும் திரும்பி வரும். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் பெல்ட், மனிதன் சுதாரிப்பதற்கான அரை விநாடியில் முக்கால் மீட்டரை இழுத்துவிடும், அதாவது விரலில் தொடங்கித் தோள்வரை. கையுறை கழன்று வந்தது அதிர்ஷ்டம். சுழலும் பாகத்துக்கு அருகில் கையுறை, தோளில் துண்டு, தொங்கும் லுங்கி ஆகிய மூன்றுமே ஆளை உள்ளே இழுக்கக்கூடியவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தருகே வேலை செய்பவர் இறுக்கமான உடை அணிய வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது.

அட்டை மட்டும் போதாது. காற்றில் விழும், மழையில் அழியும், தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் காகிதம். அந்த மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் ஸ்விட்சான ஐசோலேட்டரை 'ஆஃப்' நிலையில் வைத்துப் பூட்டுப் போட வேண்டும். உள்ளே இறங்குகிறவர் தன் கையாலேயே பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. அதற்கென்று பல துளைகள் கொண்ட கொக்கி கடையில் கிடைக்கிறது. மாற்றுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், அவசரத்தில் அதுதான் முதலில் கைக்கு வரும். பூட்டியபின் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, மோட்டார் அசையவில்லை என்று பார்த்த பிறகே இறங்கச் சொல்லுங்கள். தவறான மோட்டாரைப் பூட்டிவிட்டு நம்பி இறங்கியவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிரஷர் மேற்பார்வையாளர்:

நன்றி ஐயா. எங்கள் பேனல் பழையது, ஐசோலேட்டர் கைப்பிடியில் பூட்டு மாட்டத் துளையே இல்லை. டீசல் ஜெனரேட்டரும் உண்டு. மின்வாரிய லைன் பக்கத்தைப் பூட்டிவிட்டு ஜெனரேட்டரை மறந்துவிட்டால் என்ன ஆகும்? எமர்ஜென்சி பட்டனை அமுக்கி வைத்தால் போதும் என்று எங்கள் ஆபரேட்டர் சொல்கிறார்.

மின் பணியாளர்:

எமர்ஜென்சி பட்டன் கட்டுப்பாட்டு வயரை மட்டுமே துண்டிக்கிறது. மோட்டாருக்குப் போகும் மின்பாதை, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின்காந்த ஸ்விட்சான கான்டாக்டர் வரை உயிரோடுதான் இருக்கும், பட்டனையும் யார் வேண்டுமானாலும் விடுவித்துவிடலாம். ஆகவே அது ஓடுவதை அவசரத்தில் நிறுத்தத்தான், உள்ளே இறங்குவதற்கு அன்று. கன்வேயர் நெடுக இருபுறமும் இழுகயிறு ஸ்விட்ச் (கயிற்றை இழுத்தால் கன்வேயரை நிறுத்துவது) இல்லையென்றால் போடுங்கள், ஆனால் அதையும் பூட்டுக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்குப் பிறகு வரும், அந்தந்த மோட்டாருக்குரிய ஐசோலேட்டரில் பூட்டினால், லைன், ஜெனரேட்டர் எது வந்தாலும் மோட்டாருக்குப் போகாது. பூட்டத்தக்க கைப்பிடி உள்ள ஸ்விட்ச் பொருத்தும்வரை, மின்பணியாளர் ஸ்விட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ்களையும் கழற்றி ஒரு சிறிய பெட்டியில் வைக்கட்டும். அந்தப் பெட்டியைப் பூட்டி, சாவியை இறங்குகிறவரிடம் கொடுங்கள். கழற்றியபின் மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பார்க்க வேண்டும்.

பழைய ஃபிட்டர்:

மின்சாரத்தைப் பூட்டினாலும் எடை பூட்டப்படுவதில்லை. சரிவான பெல்ட்டில் கல் இருந்தால் அது பின்னோக்கி ஓடும், அதனால் பெல்ட்டைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எதிர் எடையைச் சங்கிலியால் கட்டுங்கள்.

ஜா விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். சிக்கிய கல் இரு தாடைகளுக்கும் நடுவில் நெருக்கப்பட்டிருக்கும், சம்மட்டியால் அடித்தால் சில்லு தெறிக்கும், சில சமயம் கல்லே மேலே எம்பும். கல் விடுபட்டதும் நகரும் தாடை அசைந்து, அதோடு இணைந்த கனமான சக்கரமான ஃப்ளைவீல் திரும்பும், அதைக் கட்டையும் ஆப்பும் வைத்துத் தடுக்காமல் யாரும் வாயில் இறங்கக்கூடாது. ஜாவுக்குக் கல்லைத் தள்ளும் ஃபீடரையும் தனியே பூட்டுங்கள், மேலே தொங்கும் கற்கள் தலையில் விழும். இதற்கெல்லாம் மேலான வழி, மண்வாரி இயந்திரத்தில் பொருத்திய, கல் உடைக்கும் பிரேக்கரால் மேலிருந்தே கல்லை உடைப்பதுதான். வாடகை அதிகம் என்று முதலாளி சொல்லலாம், அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

டஸ்ட்டைப் பற்றி ஒன்று. உலர்ந்த நிலையில் பெருக்கவோ, உடையைக் காற்றுக்குழாயால் ஊதவோ வேண்டாம். கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் பின்னர் அதை வெளியேற்ற வழியில்லை. நனைத்து வாருங்கள், துண்டுக்குப் பதிலாக என்95 முகக்கவசம் கொடுங்கள்.

கிரஷர் மேற்பார்வையாளர்:

பன்னிரண்டு பூட்டும் கொக்கிகளும் வாங்கிவிட்டோம். இரண்டாம் கன்வேயரின் டெயில் புல்லிக்குக் கம்பிவலைக் காப்பும் அடித்தாகிவிட்டது. அட்டைகளில் எழுத்தோடு கை படமும் வரைந்து, ஒடியாவிலும் இந்தியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஜல்லியை அளவுவாரியாகச் சலிக்கும் ஸ்கிரீனின் மெஷ் (வலை) மாற்றும்போது, அவசரம் என்று ஆபரேட்டர் சாவியைக் கேட்டார். அன்று கையுறையை இழந்த அதே தொழிலாளி, வேலை முடியும்வரை தரமுடியாது என்று மறுத்துவிட்டார். ஆபரேட்டர் இருபது நிமிடம் காத்திருந்தார். பிரேக்கர் வாடகை பற்றி முதலாளியிடம் திங்கட்கிழமை பேசுகிறேன், கையுறையையும் கொண்டுபோகிறேன்.