மறு: அடிபம்புக் கலைச்சொற்கள் – 'வீலோம்' என்பதற்குத் தமிழ்

குழுவினருக்கு வணக்கம். 'வீலோம்' (VLOM – Village Level Operation and Maintenance, அதாவது அடிபம்பை ஊரளவிலேயே ஓட்டுவதும் பராமரிப்பதும்) என்பதற்கு நம் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற கேள்விக்கு வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> 'குடிமராமத்து' என்றே போட்டுவிடலாமே. நம்மிடம் இருக்கிற சொல்தானே?

நல்ல சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. குடிமராமத்து என்றதும் ஏரியும் கால்வாயும் கரையும்தான் கண்முன் வரும். 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஆட்களைக் கட்டாய வேலைக்கு இறக்கிய கதையும் கூடவே வரும். மலாவியில் ஓர் ஊர்க்குழு பம்பின் வாஷரை மாற்றுவதைப் பற்றிப் படிக்கிறவருக்குத் தூர்வாருவது நினைவுக்கு வந்தால் கட்டுரை பாழ்.

'வீலோம்' எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். 1981 முதல் 1990 வரை ஐ.நா. குடிநீர்ப் பத்தாண்டு. ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஆழ்துளை போட்டு அடிபம்பு மாட்டும் வேலை மும்முரமாக நடந்தது. மாட்டியதில் பெரிய சிக்கல் இல்லை, பழுது பார்ப்பதில்தான் வந்தது. நகரத்திலிருந்து லாரியும் மெக்கானிக்கும் வரும்வரை ஊர் பழையபடி குட்டைக்கும் ஊற்றுக்குழிக்கும் போய்விடும். வயிற்றுப்போக்கும் பின்னாலேயே வரும். ஆகவே, பம்பை ஊர்க்காரர்களே ஓட்டவும் பராமரிக்கவும் முடிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதன் சுருக்கெழுத்துதான் வீலோம்.

இந்த நிபந்தனை பம்பின் உடம்பையே மாற்றியது. யூனிசெஃப் முயற்சியில் சென்னையில் உருவான இந்தியா மார்க் 2 கெட்டியான பம்பு, ஆப்பிரிக்காவிலும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதன் பிஸ்டன், தண்ணீர் மேலே வரும் குழாயைவிடப் பெரியது. ஒரு வாஷர் தேய்ந்தாலும் முப்பது மீட்டர் ஆழத்தில் இருக்கிற சிலிண்டரோடு பத்து இரும்புக் குழாய்களையும் தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்கு ஐந்தாறு பேரும் தனிக் கருவிகளும் தேவை. மலாவியில் மால்டெவ் என்று தொடங்கிக் கென்யாவில் முழுமை பெற்ற ஆப்ரிடெவ் பம்பில் குழாய் அகலமான பிளாஸ்டிக். அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு ஸ்பேனரால் தலையைத் திறந்து, கொக்கிபோல் மாட்டியிருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். அடிவால்வைக்கூட அதே குழாய் வழியாகத் தூண்டில் போட்டதுபோல் எடுத்துவிடலாம். இரண்டு பெண்கள் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார்கள்.

சரி, அப்படியானால் முந்தைய மடலில் வந்த 'ஊர்ப் பராமரிப்பு' போதுமே என்று தோன்றும். போதாது. பின்னாளில் அந்தச் சுருக்கெழுத்தின் கடைசி எழுத்தான M-க்கு, நிபந்தனை வைத்தவர்களே விரிவை மாற்றிக்கொண்டார்கள். முதலில் அது 'பராமரிப்பு'. பிறகு 'பராமரிப்பை நிர்வகிப்பது'. ஊர்க்காரர்களே ஸ்பேனர் பிடிக்க வேண்டியதில்லை. யாரைக் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது, என்ன கூலி கொடுப்பது என்ற முடிவு அவர்களிடம் இருந்தால் போதும். கென்யாவில் அவர்கள் கூப்பிடுகிற ஆள் 'ஃபுண்டி'. நம் ஊர் பம்பு மெக்கானிக்கேதான்.

எனவே என் பரிந்துரை: ஊர்வசப் பராமரிப்பு. பம்புக்கு அடைமொழியாக வரும்போது 'ஊர்வசப் பம்பு'. 'சாவி அவர் வசம் இருக்கிறது' என்கிறோமே, அந்த வசம். முடிவும் பணமும் ஊரிடம் என்பதை அது சொல்லிவிடுகிறது. வேலையை யார் செய்கிறார் என்பதைக் கட்டிப்போடுவதில்லை. (ஊர்வசி என்று படித்துவிடுவார்கள் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். படிக்கட்டும், சொல் மறக்காது.) வசம் வடசொல் என்பார்கள். மாற்றாக வந்த 'ஊர்க்கைப் பராமரிப்பு' எனக்கும் பிடிக்கும். ஆனால் கைப்பம்பு, கைப்பிடி, கைமாற்று என்று நம் பட்டியலில் ஏற்கெனவே கை நிறையக் கை.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. 'ஊர் வசம் ஒப்படைத்தாயிற்று' என்று சொல்லிக் கைகழுவிய கதையையும் அது மறைப்பதில்லை. 2009-இல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகள் இருபதின் கணக்கைத் தொகுத்தபோது அடிபம்புகளில் 36 விழுக்காடு ஓடவில்லை. ஊர்க்குழுவின் பெட்டியில் பணம் சேரவில்லை. மழைக்காலத்தில் குட்டையில் தண்ணீர் கிடக்கும்போது பம்புக்கு யார் காசு கொடுப்பார்? உதிரிபாகம் விற்கும் கடை எங்கோ இருந்தது. சில இடங்களில் நிலத்தடி நீரின் அமிலத்தன்மை இரும்புக் குழாயையே அரித்துத் தின்றது. தண்ணீர் செம்பழுப்பாக வந்து, துணியும் சோறும் கறைபட, பெண்கள் பம்பை விட்டுவிட்டுக் குட்டைக்கே திரும்பினார்கள். அந்தக் குழாய்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றும் செலவை ஊர் வசம் விடுவது, என்னைக் கேட்டால், அநியாயம்.

> கைப்பிடியில் கருவி பொருத்திப் பழுதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கிறார்களே, அதுவும் இதில் அடங்குமா?

அடங்காது. கென்யாவின் க்யூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் செய்த சோதனையைத்தான் சொல்கிறீர்கள். பம்பை எத்தனை முறை அடிக்கிறார்கள் என்று கைப்பிடிக்குள் இருக்கும் கருவி செல்பேசி வழியாகச் செய்தி அனுப்பும். அடி நின்றால் ஃபுண்டி கிளம்புவார். பழுதாகிக் கிடக்கும் காலம் சராசரி 27 நாளிலிருந்து மூன்று நாளுக்கும் கீழே வந்தது. அதிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில் ஊர் மாதாமாதம் பணம் கட்டுகிறது, பழுதுபார்க்கும் பொறுப்பு ஒரு பராமரிப்பு நிறுவனத்துடையது. இதற்குச் 'சந்தாப் பராமரிப்பு' என்று தனிப்பதிவு போடலாம். சந்தா எல்லோருக்கும் தெரிந்த சொல். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஆட்சேபம் இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். பட்டியலில் அடுத்தது பம்பு மேடையைச் சுற்றி வார்க்கும் காரைத்தளமும் வடிகாலும். அதற்குப் 'பாவாடை' என்று வந்திருக்கும் பரிந்துரையை நான் ஏற்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.