டிஎல்சிக்குப் 'பிற்சேர்க்கை', எக்ஸ்பான்ஷனுக்கு 'விரிவாக்கம்'

அன்பர்களே, வணக்கம்.

வீடியோ விளையாட்டுச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. மூல விளையாட்டோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் பகுதியை ஆங்கிலத்தில் டிஎல்சி (டவுன்லோடபிள் கன்டென்ட்) என்கிறார்கள். அதற்குப் 'பதிவிறக்க உள்ளடக்கம்' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. அது பண்டத்தை விட்டுவிட்டு, அது வந்து சேரும் வழிக்குப் பெயர் வைக்கிறது. சிங்கப்பூரில் இன்று முழு விளையாட்டையே பதிவிறக்கித்தான் பலரும் ஆடுகிறார்கள். எல்லாமே இறங்கி வரும்போது ஒன்றை மட்டும் அப்படிப் பிரித்துச் சொல்வதில் என்ன பயன்? 2012இல் வெளியான 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் கிராஸ் டெக்கன்' விளையாட்டில் கூடுதல் வீரர்கள் 12 பேர் வட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தார்கள். காசு கட்டினால் பூட்டுத் திறக்கும், அவ்வளவுதான். அதையும் டிஎல்சி என்றே விற்றார்கள்.

போன மாதம் ஒரு மாணவர் தன் படைப்புக்காகத் தயாரித்த திரைத்தாளில் (ஸ்லைடில்) 'பதிவிறக்கம் செய்யக்கூடிய கூடுதல் உள்ளடக்கம்' என்று எழுதியிருந்தார். தலைப்பே இரண்டு வரி ஓடிவிட்டது. வாய்விட்டுப் படிக்கும்போது அவரே 'டிஎல்சி' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். ஆட்டத்துக்கு நடுவே நண்பனிடம் சொல்ல வராத சொல் அகராதியில்தான் கிடக்கும்.

என் பரிந்துரை 'பிற்சேர்க்கை'. நூலின் கடைசியில் நாம் பார்த்துப் பழகிய சொல்தான். மூல விளையாட்டு இருக்கிறது, அதோடு பிறகு ஒன்று சேர்கிறது. பெரியதா சிறியதா, இலவசமா விலைக்கா, வட்டிலா இணையத்திலா என்ற கேள்விகளெல்லாம் இதற்குள் வரவே வேண்டாம். 2006இல் 'ஆப்லிவியன்' விளையாட்டுக்காக இரண்டரை அமெரிக்க டாலருக்கு விற்றார்களே குதிரைக் கவசம், அதுவும் பிற்சேர்க்கை. 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு 1998இல் பெட்டியில் வந்த 'புரூட் வார்' கூட பிற்சேர்க்கைதான்.

அப்புறம் 'விரிவாக்கம்'. இது அளவையும் தன்மையையும் பற்றிய சொல். புதிய நிலப்பரப்பு, புதிய கதை, பல மணி நேர ஆட்டம் என்று மூல விளையாட்டின் எல்லையே அகல வேண்டும். அதே 'ஆப்லிவியனுக்கு' 2007இல் வந்த 'ஷிவரிங் ஐல்ஸ்' ஒரு தனி உலகத்தையே திறந்தது. அது விரிவாக்கம், குதிரைக் கவசம் அல்ல. 'விட்சர் 3' விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டினார்கள். சின்னச் சின்ன டிஎல்சி 16ஐ இலவசமாகத் தந்துவிட்டு, 2015இலும் 2016இலும் வந்த இரண்டு பெரிய கதைகளை மட்டும் எக்ஸ்பான்ஷன் என்று விலைக்கு விற்றார்கள்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்கு 2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' நமக்கு நெருக்கமானது. திராவிடர் என்ற புதிய நாகரிகம், சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதை எல்லாம் அதில் உண்டு. கடாரம் கொண்டவனின் கதையை மலாக்கா நீரிணையின் இந்த முனையில் உட்கார்ந்து ஆடும்போது வரும் பூரிப்பைத் தமிழிலேயே பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை. இணையக் கடையில் இது டிஎல்சி, வெளியீட்டாளர் வாயில் எக்ஸ்பான்ஷன். இரண்டும் சரிதான். இது விரிவாக்கமாக அமைந்த ஒரு பிற்சேர்க்கை.

'விரிவாக்கப் பொதி' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பெட்டியில் வந்த காலத்துக்குப் பொதி பொருந்தியது, இப்போது அது சுமை. எம்ஆர்டி ரயில் பாதை நீளும்போது நம் செய்திகளில் 'விரிவாக்கம்' என்றே வருகிறது, யாருக்கும் புரியாமல் போனதில்லை. 'நீட்சி' வேண்டாம், உலாவிக்கும் கோப்புக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது. 'ஒட்டு' என்பதைப் பிழைதிருத்தும் பேட்ச்சுக்கு விட்டுவிடலாம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 2013இல் வந்த 'ஃபார் க்ரை 3: பிளட் டிராகன்' போன்றவற்றுக்கு மூல விளையாட்டே தேவையில்லை, தனியாகவே ஓடும். அவற்றைப் பிற்சேர்க்கை என்று சொல்ல முடியாது. 'தனி விரிவாக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் முதல் இரண்டையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.